குழாய் வாயில் ஒரு தலையணை

காலை ஐந்து நாற்பத்தைந்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு தலையணை.

கயிற்றுக் கட்டிலில் அல்ல. வயலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து ஓடைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வடிகால் குழாயின் வாயில். யாரோ அதைச் சுருட்டி, அழுத்தி, கடைசியில் காலால் ஓர் உதையும் கொடுத்துச் செருகியிருந்தார்கள். செருப்புத் தடம் துணியின்மேல் தெளிவாகப் பதிந்திருந்தது.

முந்தின நாள் மாலை பிடித்த மழை விடியலில்தான் விட்டிருந்தது. டெல்லியின் ஓரத்தில், நஜஃப்கர் பக்கத்து வயல்களில் மழைக்கு மறுநாள் காலை ஈரக் களிமண்ணும் எருமைச் சாணமும் கலந்த வாசனை இருக்கும். காற்று திரும்பினால் பெரிய வடிகாலின் நாற்றமும் சேர்ந்துகொள்ளும். தலைக்கு மேலே விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும்.

குழாயில் தண்ணீர் வரவில்லை. தலையணையின் ஓரத்தில் நூல்போல ஒரு கசிவு, அவ்வளவுதான். மேலே, எங்களோடு சேர்ந்து பயிர் வைத்திருக்கும் வசந்தாவின் மிளகாய்ப் பாத்திகளுக்கு நடுவே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

ஓடைக்குள் இறங்கி, ஒரு காலைக் கரையில் ஊன்றி இழுத்தேன். தலையணை வந்தது. அதற்குப் பின்னால் காத்திருந்த தண்ணீர் என் சட்டைப் பை வரைக்கும் வந்தது.

கிழிந்த ஓரத்திலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். வழுவழுப்பு. இத்தனை தண்ணீரிலும் சரியாக நனையாத மினுமினுப்பு. இலவம் பஞ்சு.

டெல்லிக்காரர்கள் பருத்திப் பஞ்சில் தூங்குவார்கள். வசதியானவர்கள் ஆன்லைனில் வாங்கிய நுரையில் தூங்குவார்கள். இலவம் பஞ்சுத் தலையணை இந்த ஊருக்கு ஒரே வழியில்தான் வருகிறது. நம் ஊர் ரயிலில், நம் ஆட்களின் அக்குளில் இடுக்கிக்கொண்டு.

இப்படிக் குழாய் அடைபடும்போதெல்லாம், அதுவரை நாங்கள் பக்கத்து வயல்காரரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

குத்தகைக்கு வந்த நால்வர்

நாங்கள் என்றால் நான்கு பேர். எல்லோருமே டெல்லி துவாரகாவில் வெவ்வேறு அடுக்குமாடிகளில் இருப்பவர்கள்.

வாரண்ட் ஆபீசர் கருப்பையா, விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். இன்னமும் வாக்கியத்தின் முடிவில் குதிகாலைச் சேர்ப்பார். வசந்தா, அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். மன்னார்குடிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம். ஸ்வேதா, குருகிராமில் நிதி நிறுவன வேலை. கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். அதனால் இந்தத் தொடரில் அவளைப் பற்றி நான் தைரியமாக எழுதலாம்.

நான்காவது ஆள் நான்.

ஒரு பொங்கல் கூட்டத்தில், சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கையில் வைத்துக்கொண்டு, "நாமே கொஞ்சம் காய்கறி போட்டால் என்ன?" என்று யாரோ கேட்டதில் தொடங்கியது இது. யார் கேட்டது என்று இப்போது ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

நிலம் பல்பீருடையது. பெரிய மீசை, சின்ன நிலம். தன் பொருள்மீது நம்பிக்கை உள்ளவர், உலகத்தின்மீது இல்லாதவர். மண்வெட்டி, கட்டில், டிராலி, எருமைத் தொட்டி, எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஹிந்தியில் தன் பெயரை எழுதி வைத்திருப்பார். அவர் குடையை ஒருமுறை இரவல் வாங்கிக்கொண்டு துவாரகா மார்க்கெட்டுக்குள் போனேன். மூன்று கடைக்காரர்கள் என்னை "பல்பீர்ஜி" என்று கூப்பிட்டார்கள்.

குத்தகைக்கு அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "பைப் கா மூ குலா ரஹ்னா சாஹியே." குழாயின் வாய் திறந்தே இருக்க வேண்டும்.

தண்ணீரை வழியனுப்பும் வேலை

அந்த மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். நல்ல தண்ணீர் என்றால் கொண்டாடலாம். அது உப்பு. மழைக்காலத்தில் அது மேலே ஏறி, மழைநீரோடு சேர்ந்து, செடியின் வேரைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். வெயில் வந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. மண்மேல் பழைய சுவரில் பூத்த மாதிரி வெள்ளையாகத் தெரியும்.

அதற்காகத்தான் பல்பீரின் அப்பா காலத்தில் நிலத்துக்கு அடியில் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் ஓட்டை, மேலே துணி சுற்றிய பிளாஸ்டிக் குழாய்கள். வேருக்குக் கீழே நிற்கிற தண்ணீர் அந்த ஓட்டைகளில் புகுந்து, ஒரு பெரிய குழாயில் சேர்ந்து, வாய் வழியாக ஓடையில் விழ வேண்டும். உப்பும் கூடவே போய்விட வேண்டும்.

இதைப் பராமரிப்பது பெரிய வித்தை இல்லை. ஓடையில் வளரும் சம்புப் புல்லை அறுக்க வேண்டும். நடுவில் இருக்கும் தொட்டியின் மூடியைத் திறந்து வண்டலை அள்ள வேண்டும். குழாய் வாயில் எலி புகாமல் பார்க்க வேண்டும். வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். இடுப்பு வலி என்று சொல்லி நான் விலக்கு வாங்கினேன். பதிலுக்கு, மழை பெய்த மறுநாள் காலை போய்ப் படம் எடுத்து அனுப்பும் வேலை எனக்கு. தலையணையை இழுத்தபோது இடுப்பு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒட்டுமொத்தப் பொறுப்பு கருப்பையாவுக்கு. அவரே எடுத்துக்கொண்டது. "டிரெய்னேஜ் இன்சார்ஜ்" என்று வாட்ஸ்அப்பில் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டை நம்பி வசந்தா வைத்ததுதான் மிளகாய். மோர் மிளகாய்க்கு என்றே இருக்கிற குட்டையான, தடித்த தஞ்சாவூர் மிளகாய். டெல்லியின் ஒல்லி மிளகாயை மோரில் போட்டால், "விறகை ஊறப்போட்ட மாதிரி இருக்கு" என்பார் அவர். ஊரிலிருந்து விதை வரவழைத்து, இந்த முறையெல்லாம் வருவதற்கு முன்பே இரண்டு வருடம் வைத்தார். இரண்டு வருடமும் மழையில் வேர் அழுகிப் போயிற்று. இது மூன்றாவது வருடம், கடைசி விதை. ஊரில் விதை கொடுத்த வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார்கள்.

ஒரு தொட்டிச் செடி

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் இருந்தபோது, ஹரியானாவில் நீர் தேங்கிய நிலங்களைப் பற்றி எழுத என்னையும் புகைப்படக்காரர் ஒருவரையும் அனுப்பினார்கள். நண்பரும் தமிழர்தான், ராமநாதபுரத்துக்காரர்.

அங்கே ஓர் இன்ஜினியர் எங்களுக்காக மேசைமேல் தொட்டிச் செடி ஒன்றை வைத்திருந்தார். தொட்டியின் அடி ஓட்டையை அடைத்து, தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார். செடி வாடியிருந்தது.

"இது தாகத்தில் வாடவில்லை," என்றார். "தண்ணீர் நிறைந்தால் மண்ணில் காற்று இருக்காது. மூச்சு முட்டிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் பார்ப்பதற்குத் தாகம் எடுத்த செடி மாதிரியே இருக்கும். இதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இன்னும் தண்ணீர் விடுவார்கள்."

நான் எழுதிக்கொண்டேன். இன்ஜினியர் வரைபடம் எடுத்துவர உள்ளே போனார். நிமிர்ந்து பார்த்தால், என் நண்பர் தன் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றீர்?"

"பாவமா இருக்குய்யா," என்றார்.

அந்தச் செய்தியை உள்பக்கத்தில், ரயில் நேர மாற்றத்துக்குக் கீழே போட்டார்கள். தொட்டிச் செடியை வெட்டிவிட்டார்கள்.

சந்தேகப் பட்டியல் சுருங்குகிறது

இந்த மழைக்காலத்தில் குழாய் அடைபட்டது முதல்முறை அல்ல. ஆரம்பத்தில் ஒரு யோகா பாய் சுருட்டிச் செருகப்பட்டிருந்தது. பிறகு களிமண் நிரப்பிய ஒரு சாக்கு. ஒவ்வொரு முறையும் முறைக்காரர் எடுத்துப் போட்டுவிட்டு, படத்தோடு வாட்ஸ்அப்பில் கொதிப்பார். மற்ற மூவரும் சேர்ந்து கொதிப்போம். அவரவர் பாத்தியைப் பார்க்க எல்லோரும் நினைத்த நேரத்தில் போய்வருவோம் என்பதால், முறைக்காரர் யார் என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கண்டிப்பா பக்கத்து வயக்காட்டுக்காரன்தான்," என்று கருப்பையா குரல் செய்தி அனுப்பினார். "பொறாமை."

பக்கத்து வயலில் அந்த வருடம் எதுவும் போடவில்லை. எங்கள் வாடிய செடிகளைப் பார்த்தா பொறாமை என்று கேட்டேன்.

"நீல்காயா இருக்குமா?" என்று ஸ்வேதா கேட்டாள். யோகா பாயைச் சுருட்டத் தெரிந்த மானை நான் பார்த்ததில்லை என்று எழுதினேன். சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினாள்.

பல்பீரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் மீசையை நீவிக்கொண்டார். "பாபுஜி, இந்தத் தண்ணீரை என் எருமைகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இதை நிறுத்தி வைக்க யாருக்கு ஆசை வரும்?" என்றார் ஹிந்தியில்.

நல்ல கேள்வி. இலவம் பஞ்சு வந்த பிறகு அதற்குப் பதிலும் நெருங்கி வந்துவிட்டது.

காபியோடு வந்த சாட்சி

அன்று மாலை கருப்பையா வீட்டில் அவசரக் கூட்டம். டீப்பாயில் பழைய செய்தித்தாளை விரித்து, தலையணையை நடுவில் வைத்தேன். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

கருப்பையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இது நம்மள்ல ஒருத்தர் பாத்த வேலைதான். இப்பவே ஒத்துக்கிட்டா ஒரு ஸாரியோட விட்ருவோம். இல்லைன்னா முறைப்படி என்கொயரி."

"என்கொயரி கெடக்கட்டும் அண்ணே," என்றார் வசந்தா. அவர் உட்காரவே இல்லை. "கீழ்ப் பாத்தி மொத்தமா போச்சு. வேரப் புடுங்கிப் பாத்தேன், கூழா இருக்கு. மேல்பாத்தியில இருக்குறதாவது பொழைக்கணும். இன்னொரு மழைக்கு எவனாவது அடைச்சான், கத அம்புட்டுதான். நான் யாருகிட்டப் போயி விதை கேக்குறது?"

"ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ," என்றாள் ஸ்வேதா. கவலைப்பட வேண்டாமாம். "தலகாணில முடி இருக்கும் நா? அத வச்சுக் கண்டுபிடிக்கலாம்."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு முடிகூட இல்லை. பிறகு எல்லோரும் நிமிர்ந்தோம். எங்கள் நால்வரில் தலையில் முடி இல்லாதவர் ஒருவர்தான். அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பாண்டியம்மாள் காபித் தட்டோடு வந்தார். டீப்பாயைப் பார்த்தார்.

"அட, இந்தா கெடக்கு! பீரோவுக்கு அடியில வரைக்கும் தேடிப்புட்டேன். ஏங்க, நம்ம தலகாணிய எதுக்குப் பேப்பர்ல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீக?"

கருப்பையா தட்டிலிருந்து டம்ளரை எடுத்து ஆற்றத் தொடங்கினார். ஆறிய பிறகும் ஆற்றினார்.

"நீங்களா?" என்றார் வசந்தா. "ஓடைக்கு இன்சார்ஜே நீங்கதானே அண்ணே?"

"அதான் தங்கச்சி இன்னும் கஷ்டம். அடிக்கடி போயிப் பாக்க வேண்டியிருக்குல்ல." டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க ஊர்ல கம்மாய்த் தண்ணி ஒரு கை அளவு வீணாப் போனாலும் ஊரே மம்பட்டியத் தூக்கிட்டு ஓடியாரும். இங்க என்னடான்னா குழா வாயில கொடகொடன்னு போகுது, அதப் பாத்துக் கைதட்டச் சொல்றீக. எதுக்குப் போகுதுன்னு மூளைக்குத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குதே."

"அதுக்கு என் மிளகாச் செடிய மூழ்கடிப்பீங்களா?"

"தலகாணி நாந்தான். ஒத்துக்கிறேன்." கருப்பையா குதிகாலைச் சேர்த்தார். தோற்ற ஆளின் குரல் இல்லை அது. "ஆனா அதுக்கு முந்தி ஒரு சாக்கு இருந்துச்சே, அது நான் இல்ல. இட்லி அரிசிச் சாக்கு. பாண்டியம்மா, நம்ம இட்லி அரிசி சாக்குலயா வாங்குறோம்?"

"கிலோக் கணக்குலதான். ரெண்டு பேருக்கு எதுக்குச் சாக்கு?"

"நான் பாக்கெட் மாவு," என்றாள் ஸ்வேதா அவசரமாக.

"எங்கள் வீட்டில் சப்பாத்தி," என்றேன்.

மிச்சம் இருந்தவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"செடி வாடி நின்னுச்சு," என்றார் வசந்தா. கோபம் எங்கோ போயிருந்தது. "தாகத்துல நிக்கிற மாதிரியே இருந்துச்சு. எங்களது கடைமடை. அணை தொறந்துட்டாங்கன்னு பேப்பர்ல வரும், எங்க வாய்க்காலுக்கு வராது. பயிரு இப்படித்தான் தலயத் தொங்கப் போடும். இங்கயும் தொங்குது, பக்கத்துலயே குழாயில அவ்வளவு தண்ணி ஓடிப் போவுது. எவ பாத்துக்கிட்டு நிப்பா?"

நான் தொட்டிச் செடியின் கதையைச் சொன்னேன். பத்திரிகையில் வெட்டப்பட்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப நான் அடைச்சதுலதான் வாடுச்சா?"

"யோகா பாயில் கொஞ்சம் வாடியிருக்கும். சாக்கில் நிறைய," என்றேன்.

"அந்த யோகா பாய் யாருது?" என்றார் கருப்பையா, மறுபடியும் விசாரணை அதிகாரியாகி.

ஸ்வேதா கையைத் தூக்கினாள். "ஸாரி அங்கிள். நான் குளத்தயே போட்டோலதான் பாத்திருக்கேன். எனக்கு கம்மாய் தெரியாது, கடைமடை தெரியாது. அன்னிக்குத் தண்ணி போறதப் பாத்தேன், பஸ், ஹாத் அப்னே ஆப் சலா கயா." கை தானாகப் போய்விட்டதாம்.

"ரத்தம்," என்றார் கருப்பையா பெருமையோடு.

வசந்தா சிரித்துவிட்டார். சிரித்துவிட்டோமே என்று கோபம் வந்து, காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, குடித்துவிட்டுப் போனார்.

பூட்டு

மறுநாள் பல்பீரிடம் உண்மையைச் சொன்னோம். வேறு வழி இல்லை. எங்களில் ஒருவரையும் குழாயோடு தனியாக விட முடியாது என்பது தெளிவாகிவிட்டது.

அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டார். யோகா பாய் வரை பொறுமையாக இருந்தார். தலையணை வந்ததும் மீசை ஆடத் தொடங்கியது.

"ஃபௌஜி சாஹப், பட்டாளத்துக்காரர் நீங்களுமா?"

கருப்பையா ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்பீர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தண்ணீரைப் போய் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி அழுது அனுப்புகிறீர்களே! எங்களுக்கு அது வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்ட விருந்தாளி. எப்போது கிளம்பும் என்று பார்ப்போம்."

அன்றைக்கே பட்டறைக்குப் போய்க் கனமான கம்பிக் கதவு ஒன்று செய்து வந்து, குழாயின் வாயில் பொருத்தினார். எலி போகாது, தண்ணீர் போகும், தமிழர் கை போகாது. பூட்டுப் போட்டு, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். பூட்டின்மேல் பெயர் எழுத இடம் போதவில்லை. கதவின் சட்டத்தில் எழுதினார்.

அதற்குப் பிறகு இரண்டு நல்ல மழை பெய்தது. இரண்டு முறையும் படம் எடுக்க நான் போனபோது மற்ற மூவரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். கம்பிக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கொட்டி ஓடையில் போய்க்கொண்டிருந்தது. நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கருப்பையா மட்டும் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டு வைத்திருந்தார்.

மேல்பாத்தியில் பாதிக்குமேல் பிழைத்தது. இலைகள் நிமிர்ந்தன, பூத்தன, குட்டையாகத் தடியாகக் காய்த்தன. புரட்டாசி வெயிலில் வசந்தா அவற்றைக் கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, அடுக்குமாடியின் மொட்டை மாடியில் காயப்போட்டார். சங்கச் செயலாளர் வந்து, இது பொது இடம் என்று சொன்னார். வறுத்ததில் இரண்டு கொடுத்து அனுப்பினார் வசந்தா. அடுத்த நாள் செயலாளரின் மனைவி வந்து, புறாக்களை நான் விரட்டுகிறேன் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நல்ல முற்றிய காய்களை விதைக்கென்று தனியாக எடுத்து வைத்தாயிற்று. விதை டப்பா வசந்தா வீட்டு பீரோவில், நகைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பாட்டில் மோர் மிளகாய் வந்தது. பல்பீருக்கு இருப்பதிலேயே பெரியது. கருப்பையாவுக்குச் சின்னது.

"தலகாணி அளவுக்குக் குடுத்திருக்கலாம் தங்கச்சி," என்றார் அவர்.

"அடுத்த வருஷம் செடி நிமிந்து நின்னா பாப்போம்ண்ணே."

குளிர் தொடங்குவதற்கு முன்னால், யாரும் எதிர்பாராத ஒரு மழை வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல நான் போனேன். அன்று மற்ற மூவரும் வரவில்லை. கம்பிக் கதவு பூட்டியபடியே இருந்தது. குழாயின் வாய் திறந்திருந்தது, தண்ணீர் தடையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

அது விழுந்துகொண்டிருந்த இடத்தில், பாதியாக அறுத்த நீலப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

டிரம்மின் பக்கவாட்டில், புது வெள்ளைப் பெயிண்டில், ஹிந்தியில், பல்பீர் என்று எழுதியிருந்தது.